ஆறு ஆப்பிள் மரம், ஏழு வருஷம்: இனக்கவர்ச்சிப் பொறியோடு என் அனுபவம்

வாஷிங்டன் மாநிலத்து வெனாச்சியில் வீடு வாங்கியபோது ஆறு ஆப்பிள் மரமும் சேர்ந்து வந்தது, கூடவே பழத்துக்குள் புழுவாக வளரும் காட்லிங் அந்துப்பூச்சியும். முதல் வருஷம் எந்தப் பழத்தை வெட்டினாலும் விதையைச் சுற்றிப் புழுவும் அதன் எச்சமும்தான். சுற்றிலும் வணிகத் தோட்டங்கள், அதனால் வீட்டு மரமானாலும் இந்தப் புழுவை அடக்குவது இங்கே சட்டப்படி நம் பொறுப்பு.

முதலில் வாங்கியது சாதாரணப் பொறி. கூடாரம் மாதிரி ஒரு அட்டை, அடியில் பசைத்தாள், நடுவே ரப்பர் லூர், அதாவது பூச்சியை இழுக்கும் வாசனைத் துண்டு. பெண் பூச்சி விடும் காட்லிமோன் வாசனையைச் செயற்கையாகச் செய்து அதில் ஏற்றியிருப்பார்கள். ஆண் பூச்சிதான் வந்து ஒட்டும். நாலு பொறி மாட்டினால் ஆண் எல்லாம் தீர்ந்துவிடும், அப்புறம் முட்டை ஏது என்று நினைத்தேன். தாள் நிறைந்தது, பழத்தில் புழுவும் குறையவில்லை! மிஞ்சுகிற ஒரு ஆணே பல பெண்களோடு சேரும், போதாததற்கு வெளியே இணைசேர்ந்த பெண்கள் பறந்து வந்து முட்டை வைத்துவிட்டுப் போகும், அதுகளுக்கு என் பொறியைப் பற்றி என்ன கவலை.

மூன்றாம் வருஷம் பேரிக்காய் வாசனை லூருக்கு மாறினேன். பழுத்த பார்ட்லெட் பேரியின் மணத்தில் உள்ள ஒரு எஸ்டர் (வாசனை தரும் வேதிப்பொருள்) இந்தப் பூச்சியை இழுக்கிறது என்று 2001இல் ஆய்வு வந்தது, ஆனால் அது சக்கைப்போடு போட்டது கலிஃபோர்னியாவின் வால்நட் தோப்புகளில். பெண்ணும் வருவதுதான் இதில் விசேஷம், கூட அசிட்டிக் அமிலம் (நம் வினிகர் நெடிதான்) வைத்தால் இன்னும் அதிகம் வரும். வயிற்று நுனியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று பிரிக்கப் பழக எனக்கு ஒரு சீசன் ஆயிற்று.

பொறி பூச்சியை ஒழிக்காது, எப்போது மருந்தடிக்க வேண்டும் என்று சொல்லும், அவ்வளவுதான். பூச்சி தொடர்ந்து விழ ஆரம்பித்த நாளிலிருந்து, அன்றன்றைய சராசரி வெப்பம் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் எத்தனை டிகிரி போகிறதோ அதைத் தினமும் கூட்டிக்கொண்டே வருவேன். கூட்டுத்தொகை 250ஐத் தொட்டால் முட்டை பொரிக்கத் தொடங்கும். இலையில் பொரித்த குட்டிப் புழுகூட ஆப்பிள் தோலின் ஆல்ஃபா ஃபார்னசீன் மணத்தை மோப்பம் பிடித்தே பழத்துக்குப் போகிறது. அது துளைத்து உள்ளே போகும் முன் நான் அடிக்கும் கிரானுலோவைரஸ் (இந்தப் புழுவைக் கொல்லும் வைரஸ்) கரைசலைத் தின்ன வேண்டும், அதனால் நாள் தப்பினால் காசு தண்டம்.

சில்லறை விஷயங்கள்: பொறியை நெஞ்சுயரத்தில் கட்டாதீர்கள், மர உச்சியை ஒட்டிக் கட்டியபின்தான் எனக்குச் சரியாக விழுந்தது. மாற்று லூர் ஃப்ரீசரில், துருவிய தேங்காய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, வீட்டில் அதற்குத் தனியாகத் திட்டு. பழைய லூரை ஒருமுறை சட்டைப் பையில் மறந்துவிட்டேன், அந்திக்கு வெளியே வந்து நின்றால் நாலைந்து ஆண் பூச்சி என்னையே சுற்றுகிறது.

போன வருஷம் ஐந்து மரத்தில் பழம் சுத்தம். வேலியோரத்து மரம் மட்டும் அடங்கவில்லை, பக்கத்து வீட்டில் யாரும் கவனிக்காத ஆப்பிள் ஒன்று நிற்கிறது. இந்த வருஷம் அவரிடம் கேட்டுவிட்டு அதிலும் ஒரு பொறி கட்டியிருக்கிறேன்.