மழைக்கு அடுத்த நாள் எந்தப் பாதை? அலெகேனி ரயில் தடமும் பொடோமாக் கால்வாய்க் கரையும்

இந்த அக்டோபரில் எனக்கும் தம்பிக்கும் சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. இருவரும் அமெரிக்காவில், மேரிலாந்தில் இருக்கிறோம். காரும் லாரியும் பக்கத்தில் வராத சரளைப் பாதையில் நாள்கணக்கில் சைக்கிள் மிதிக்க வேண்டுமென்றால் எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. பிட்ஸ்பர்கிலிருந்து கம்பர்லாண்ட் வரை 240 கி.மீ. வரும் கிரேட் அலெகேனி பாசேஜ் ஒன்று. அது முடிகிற கம்பர்லாண்டிலேயே தொடங்கி, பொடோமாக் ஆற்றை ஒட்டி வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை 297 கி.மீ. போகும் செசபீக் - ஒஹையோ கால்வாய்க் கரை மற்றொன்று. முன்னது ரயில் ஓடி ஓய்ந்த தடம். பின்னது கோவேறு கழுதைகள் நிலக்கரிப் படகுகளை இழுத்துக்கொண்டு நடந்த கரை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மே மாதத்தில், இரண்டையும் சேர்த்தே ஓட்டி முடித்தோம். இந்த முறை ஒன்றுக்குத்தான் நேரம். ரயில் தடத்தையே மறுபடியும் எடுத்தோம்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நுழைவுக் கட்டணம் இல்லை. இடையில் சில சாலைகளைக் கடக்க வேண்டும், மற்றபடி வண்டித் தொல்லை கிடையாது. ஏற்றமும் பயமுறுத்தாது: படகும் ரயிலும் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் நமக்கும் அந்தச் சலுகை கிடைத்துவிடுகிறது. கால்வாய் ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லாண்ட் வரை 74 நீர்ப்பூட்டுகள் (படகைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள்) வழியாக ஏறுவதே 184 மீட்டர்தான்.

முடிவைத் தீர்மானித்தது தண்ணீர். குடிக்கிற தண்ணீர் இல்லை, பாதையில் நிற்கிற தண்ணீர்.

அந்த மே மாதத்தில் கம்பர்லாண்டில் ஒரு ராத்திரி முழுக்க மழை. மறுநாள் காலை வெயில் வந்ததும் கால்வாய்க் கரையில் சந்தோஷமாகக் கிளம்பினோம். ஊரைத் தாண்டியதும் கரை முழுக்க மர நிழல், வெயில் தரையைத் தொடவே இல்லை. பாதை என்பது இரண்டு சக்கரத் தடங்களும் நடுவில் புல்வரிசையும்தான். தடங்கள் இரண்டிலும் தண்ணீர் நின்றது. நாஞ்சில் நாட்டில் நடவு வயலில் இறங்கியவர்களுக்கு அந்த மண்ணின் குணம் புரியும். காலை விடாது. டயரில் ஏறிய களி மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொண்டது. அரை மைலுக்கு ஒரு தடவை நின்றோம். "எக்கா, கம்பு எடு, சக்கரம் சுத்த மாட்டேங்கு" என்று தம்பி சொன்னதுதான் அன்றைக்கு முழுக்க எங்கள் பேச்சு. 80 கி.மீ. போவதாக இருந்தவர்கள் 45 கி.மீ. தாண்டவில்லை.

மறுநாள் லிட்டில் ஆர்லியன்ஸ் வந்து, பக்கத்திலேயே ஓடும் வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் தடத்தில் ஏறியபோது உயிர் வந்தது. ஹான்காக் வழியாகப் பிக் பூல் வரை சுமார் 45 கி.மீ. தார் போட்ட பாதை அது. கால்வாய்க் கரையில் மழையில் மாட்டுகிறவர்கள் அதை மறந்துவிடக் கூடாது.

ஏன் இப்படி? இரண்டையும் கட்டிய விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. கால்வாய் தோண்டிய மண்ணையே பெரும்பாலும் பக்கத்தில் போட்டு மிதித்து இறுக்கிய கரை இது. கால்வாயில் தண்ணீர் கசியாமல் இருக்கக் களிமண் வேண்டும். நமக்குப் பகையாகிற அந்தக் களிதான் படகுக்காரனுக்குத் துணை. ஒரு பக்கம் பழைய கால்வாய்ப் பள்ளம், இன்னொரு பக்கம் ஆறு. பொடோமாக் பெருகினால் வெள்ளம் நேராக இங்கே ஏறும். 1889லும் 1924லும் வந்த வெள்ளங்கள் கால்வாயை உடைத்தன. 1924க்குப் பிறகு சரக்குப் படகு ஓடவே இல்லை.

ரயில்காரர்கள் தண்ணீரைத் தண்டவாளத்துக்கு அடியில் நிற்கவிட மாட்டார்கள். நின்றால் தடம் அமுங்கும், ரயில் கவிழும். அதனால் மேடு கட்டி, ஜல்லி கொட்டி, இருபுறமும் வடிகால் வெட்டியிருப்பார்கள். அதன்மேல் சுண்ணாம்புக்கல் பொடியைப் பரப்பி உருளை போட்டு இறுக்கியதுதான் இன்றைய சைக்கிள் பாதை. இந்த அக்டோபரிலும் கான்ஃபுளூயன்ஸ் ஊரில் தங்கிய இரவு நல்ல மழை. காலையில் பாதை ஈரமாக இருந்ததே தவிர எங்கும் குட்டையில்லை. அதிலும் ஒரு குறை உண்டு. நனைந்த சுண்ணாம்புப் பொடி குழம்பாகிச் செயினிலும் பிரேக்கிலும் தெறிக்கிறது. காய்ந்தால் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். சாயங்காலம் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டால் தீர்ந்தது. கரையில் அடைத்த களியை எடுக்க எனக்கு மறுநாள் அரைப்பொழுது போனது, பிரேக் கட்டைகளையும் மாற்ற வேண்டியிருந்தது.

நான்கே நாள் இருக்கும்போது இந்த வித்தியாசம்தான் பெரியது. மழை பெய்தாலும் நாளைக்கு எங்கே தூங்குவோம் என்று ரயில் தடத்தில் முன்கூட்டியே சொல்ல முடிகிறது.

சரி, கண்ணுக்கு விருந்து எது? அதிலும் என் சாய்வு ரயில் தடத்துக்குத்தான். வாஷிங்டனிலிருந்து ரயிலில் சைக்கிளுக்கும் முன்பதிவு செய்துகொண்டு நள்ளிரவை ஒட்டி பிட்ஸ்பர்கில் இறங்கினோம். முதல் நாள் இரும்பாலைகள் இருந்த ஆற்றங்கரைகள், பாலங்கள், பழைய சுரங்க ஊர்கள். வெஸ்ட் நியூட்டனில் தங்கல். இரண்டாம் நாள் யாக்கிகேனி ஆறு கூடவே வந்தது. கானல்ஸ்வில் தாண்டியதும் மலைகள் நெருங்கிவந்து, ஒஹையோபைலில் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் பாலங்கள் இரண்டு குறுக்கே போகின்றன. கீழே வெள்ளை நுரை, சுற்றிலும் சிவப்பும் மஞ்சளுமாக இலைகள். அங்கே புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

மூன்றாம் நாள் கேசல்மன் ஆற்றோடு போய், மயர்ஸ்டேலுக்குச் சற்று முன் சால்ஸ்பரி உயர்பாலம். 582 மீட்டர் நீளம். காடு விலகிப் பள்ளத்தாக்கு முழுதும் காலுக்கடியில் விரிகிறது. தூரத்து மலைமுகட்டில் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அங்கே நிற்காமல் இருக்க முடியவில்லை.

நான்காம் நாள்தான் பரிசு. பிட்ஸ்பர்கிலிருந்து 200 கி.மீ. மெல்ல மெல்ல ஏறி, 729 மீட்டர் உயரத்தில் கிழக்குக் கண்ட நீர்ப்பிரிமேட்டுக்கு வருகிறோம். இந்தப் பக்கம் விழும் மழை மிசிசிப்பி வழியாக மெக்ஸிகோ வளைகுடாவுக்கும், அந்தப் பக்கம் விழுவது பொடோமாக் வழியாக அட்லாண்டிக்குக்கும் போகும். அடுத்துவரும் பிக் சாவேஜ் சுரங்கம் ஒரு கி.மீ. நீளம். உள்ளே விளக்கு உண்டு, குளிரும் உண்டு. வெளியே வந்தால் மேரிலாந்து மலைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அப்புறம் கம்பர்லாண்ட் வரை இறக்கம்தான், சுமார் 38 கி.மீ. எதிர்த்திசையில் வருகிறவர்கள் இதையே ஏற வேண்டும். சாய்வு அதிகமில்லை, ஆனால் அரைநாள் விடாமல் மிதிக்க வேண்டும். முதல் முறை போகிறவர்கள் பிட்ஸ்பர்கில் தொடங்குவதே நல்லது.

கால்வாய்க் கரைக்கும் அதற்கே உரிய அழகு உண்டு. ஏரி போல் தேங்கிய கால்வாயில் மரக்கட்டை மேல் வரிசையாக ஆமைகள், அசையாமல் நிற்கும் பெரிய நாரைகள், ஆளில்லாத பூட்டுக்காவலர் வீடுகள். கால்வாயையே ஆற்றின் மேல் தூக்கிச் செல்லும் மனோகசி நீர்ப்பாலம் ஏழு வளைவுகளோடு 1833ல் கட்டி முடித்தது. பா பா சுரங்கம் 950 மீட்டர், அதைக் குடைந்து முடிக்க 1836 முதல் 1850 வரை ஆயிற்று. உள்ளே விளக்கு இல்லை. டார்ச் பிடித்துக்கொண்டு சைக்கிளை உருட்டிப் போகும்போது செங்கல் வளைவிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்கும். 1954ல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் இந்தக் கரை முழுவதையும் நடந்து காட்டாமல் போயிருந்தால் இங்கே ஒரு நெடுஞ்சாலை வந்திருக்கும். அந்த நடையை நினைத்தால் இந்தச் சேற்றின் மேல்கூட மரியாதை வருகிறது.

செலவுக் கணக்கிலும் கரைக்குத்தான் வெற்றி. சில மைல்களுக்கு ஒரு இலவச முகாமிடம், கைப்பம்பு, கழிப்பறை. முன்பதிவு தேவையில்லை. ரயில் தடத்தில் நாங்கள் ஊர் விடுதிகளில் தங்கினோம். அக்டோபர் வாரக்கடைசியில் அது கையைக் கடித்தது. கூடாரம் தூக்கிப் போகிறவர்களுக்கு, ஒரு வாரமாவது கையில் இருந்தால், நான் சொன்ன எல்லாமே மாறலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரையை நான் முழுதாக ஓட்டியது ஒரே தடவை, அதுவும் ஈரமான மே மாதத்தில். இப்போது சில பகுதிகளில் புதிதாகச் சரளைப்பொடி போட்டுச் சீரமைத்திருக்கிறார்கள், அவற்றின்மேல் மழைக்குப் பின் நான் ஓட்டியதில்லை. வறண்ட செப்டம்பரில் போன நண்பர்கள் சேற்றையே பார்க்கவில்லை என்கிறார்கள், நம்புகிறேன். குளிர்காலத்தில் பிக் சாவேஜ் சுரங்கத்தை மூடிவிடுவார்கள், அந்த மாதங்களில் நான் ரயில் தடத்துக்குப் போனதில்லை.

டயர் விஷயத்தில், ரயில் தடத்துக்கு 35 மி.மீ. தாராளம். கரைக்கு 45க்குக் குறையாமல் போடுங்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருக்கட்டும். அடுத்த கோடையில் ஐந்தாறு நாள் மழையில்லாமல் போனால், ஹார்ப்பர்ஸ் ஃபெரியிலிருந்து ஜார்ஜ்டவுன் வரை கடைசி 97 கி.மீ. மட்டும் கரையில் வருவதாக நானும் தம்பியும் பேசி வைத்திருக்கிறோம். கூடாரம் வாங்கியாகிவிட்டது.