திமிங்கிலம் பார்க்கப் போன பைனாகுலர்: திருகோணமலைக் கடலில் ஆறு பருவங்கள்

2018 பங்குனியில் கொழும்பில் வாங்கிய பைனாகுலர் இது. 8×42. விலை என் அன்றைய சம்பளத்தில் பாதிக்குக் கிட்ட. வீட்டில் ஒரே கேள்வி: "கோணேசர் கோயிலடியில நிண்டு பார்த்தாத் தெரியாததா கடலுக்குள்ள தெரியப்போகுது?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. காற்றில்லாத காலையில் கோயிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் பொறுமையாக நின்றால், தூரத்தில் திமிங்கிலம் ஊதுவது வெறுங்கண்ணுக்கே தெரியும். காசில்லை, வாந்தியில்லை. புதிதாக யாராவது இந்த ஆசையோடு வந்தால் நான் முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன்.

ஆனாலும் கடலுக்குள் போனேன். இதுவரை 31 பயணம். 2020இல் ஊரடங்கு, 2022இல் எரிபொருள் இல்லை. மிச்சம் ஆறு பருவம். இவ்வளவு நாள் பாவித்த பிறகுதான் ஒரு பொருளைப் பற்றி எழுத மனம் வருகிறது. வாங்கிய கிழமையே எழுதியிருந்தால் பெட்டியில் அச்சடித்திருந்ததைத்தான் திரும்ப எழுதியிருப்பேன்.

முதலில் காலம். தெற்குக் கரையில் மிரிஸ்ஸ பக்கம் கார்த்திகையிலிருந்து சித்திரை வரை திமிங்கிலம் பார்க்கப் போவார்கள். நமக்கு அது தலைகீழ். வாடைக்காற்று விழுந்து, மாசி கழிந்து, கடல் தகடாகும்போதுதான் இங்கே படகு இறங்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினாலும் அது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று என்பதால் விடியற்காலையில் கரையோரம் குளம் போலக் கிடக்கும். பத்து மணி தாண்டினால் நிலைமை வேறு. வெள்ளை நுரை எழும்பிவிட்டால் அதற்குள் திமிங்கிலம் ஊதுவதையும் பிரித்தறிய முடியாது, பறவையையும் பார்க்க முடியாது. உப்புவெளியிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ ஐந்தரைக்குப் புறப்படும் படகுதான் படகு. எட்டு மணிக்குப் போகலாம், காலைச் சாப்பாடும் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள்.

திருகோணமலைக்கு இன்னொரு வசதி உண்டு. கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கின் தலை தொடங்கிவிடுகிறது. வேறு ஊர்களில் மணிக்கணக்காக ஓடிப் போய்ச் சேர வேண்டிய ஆழம் இங்கே கோயில் தெரியும் தூரத்திலேயே கிடக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஹால் வைட்ஹெட் போன்ற ஆய்வாளர்கள் 'துலிப்' என்ற சிறு பாய்க்கப்பலில் வந்து இந்தக் கடலில் திமிங்கிலங்களை ஆராய்ந்தார்கள். பிறகு போர். கடற்கரையில் ஒருவன் பைனாகுலரோடு நின்றால் அதற்கு யாருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். இப்போதும் கழுத்தில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு கோட்டை வாசலைக் கடக்கும்போது என் கை தானாக அதை மூடும்.

சரி, பைனாகுலருக்கு வருவோம். 8×42இல் முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். பெரிய எண்தான் நல்லது என்று நினைத்து நண்பர் ஒருவர் 10×42 வாங்கினார். கரையில் அருமையாக இருந்தது. படகில் ஏறியதும் படம் பெரிதானதோடு ஆட்டமும் பெரிதானது. அதோடு, விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். என்னுடையதில் ஐந்து மில்லிமீற்றருக்குச் சற்று மேல், அவருடையதில் நாலுக்குச் சற்று மேல். அந்த ஒரு மில்லிமீற்றர் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். படகு குலுங்கும்போது கண் அந்த வட்டத்தை விட்டு விலகினால் பார்வை கறுத்துப் போகும். அவருக்கு அது நிமிடத்துக்குப் பத்துத் தரம் நடந்தது. மூன்றாம் பயணத்திலேயே அவர் வெறுங்கண்ணுக்குத் திரும்பிவிட்டார். கடலுக்கென்றால் 7 அல்லது 8, அதற்கு மேல் வேண்டாம்.

பிடிக்கிற விதமும் பழக வேண்டியதுதான். முழங்கையைப் படகின் விளிம்பில் ஊன்றினால் உறுதியாக இருக்கும் என்று தோன்றும். என்ஜின் ஓடும்போது அதன் அதிர்வு முழுக்கக் கண்ணாடிக்கு ஏறும். உட்கார்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்வதுதான் சரி. பிறகு, கண்ணாடியால் தேடக் கூடாது. வெறுங்கண்ணால் கண்டுபிடித்துவிட்டு, கண்ணை எடுக்காமல் கண்ணாடியை மேலே கொண்டுவர வேண்டும். இதைப் பழக எனக்கு முழு ஒரு பருவம் போனது.

ஒருவரும் சொல்லித் தராத விஷயம் வெயில். விடியலில் கிழக்கே போகிறோம், சூரியன் நேரே மூஞ்சியில். அந்த எதிர்வெளிச்சத்தில் திமிங்கிலம் ஊதுவது வெள்ளிப் புகை மாதிரிப் பளிச்சென்று தெரியும், ஆனால் பறவைகள் எல்லாம் கறுப்பு நிழல்தான். திரும்பி வரும்போது வெயில் முதுகில் இருக்கும், நிறமெல்லாம் அப்போதுதான் தெரியும். அதனால் போகும்போது திமிங்கிலம், வரும்போது பறவை என்று நான் பிரித்துக்கொண்டேன். மற்றவர்கள் திரும்பும் வழியில் தூங்குவார்கள். தூங்கட்டும்.

31 பயணத்தில் 19 தரம் நீலத் திமிங்கிலம், 4 தரம் ஸ்பேர்ம் திமிங்கிலம். நீலத் திமிங்கிலம் ஊதுவது நேராக, தென்னை உயரத்துக்கு எழும். பத்துப் பதினைந்து வினாடி இடைவெளியில் சில மூச்சு, பிறகு ஆழத்துக்கு. பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அது மூழ்கிய இடத்தில் எண்ணெய் ஊற்றியது போல வழுவழுப்பான ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும். ஸ்பேர்ம் திமிங்கிலத்துக்கு மூக்குத் துவாரம் தலையின் முன்னே இடது பக்கத்தில் இருப்பதால் அது முன்பக்கமாகச் சரிந்து ஊதும். தூரத்திலேயே இரண்டையும் பிரிக்க இது போதும். அது மரக்கட்டை மாதிரிக் கிடந்து மூச்செடுத்துவிட்டு வாலைத் தூக்கினால் முக்கால் மணி நேரத்துக்குக்கூட மேலே வராது. அங்கேயே நிற்பதா வேறு பக்கம் போவதா என்பது தண்டையலின், அதாவது படகோட்டியின், கணக்கு.

இந்தத் தண்டையல் விஷயத்தில்தான் நான் ஏமாந்ததும் கற்றதும். 2019இல் ஒரு படகு. பெயர் வேண்டாம். திமிங்கிலத்தைக் கண்டதும் என்ஜினை முழு வேகத்தில் விட்டார். வேறு மூன்று படகுகளும் சேர்ந்துகொண்டன. அது இரண்டே மூச்செடுத்து உள்ளே போனது, பிறகு காணவே இல்லை. நூறு மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்று 2012இலிருந்தே ஒழுங்குவிதி இருக்கிறது. "காசு குடுத்தனீங்கள், கிட்டப் பாக்க வேண்டாமா?" என்றார். அன்று கண்ணாடியில் நான் கண்டதெல்லாம் மற்றப் படகுக்காரரின் கைபேசிகள்தான்.

அடுத்த பருவத்திலிருந்து போவது வேறொருவரோடு. வயது அறுபதுக்கு மேல், வாழ்க்கை முழுக்க மீன்பிடி. அவர் தூரத்திலேயே என்ஜினை நிறுத்திவிடுவார். "பொறுங்கோ தம்பி, அது எங்க போகப்போகுது. மூச்சுக்கு மேல வரத்தானே வேணும்." ஒருநாள் அப்படி நின்றபோது அது படகுக்கு முன்னால் தானாகவே எழும்பியது. எட்டு மடங்கில் அதன் முதுகின் சாம்பல் நீலப் புள்ளிகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. ஊதும் சத்தம், அதைத் தொடர்ந்து அழுகிய மீன் வாடை. பைனாகுலரின் விலை அந்த ஒரு காலையில் தீர்ந்தது என்று மனைவியிடம் சொன்னேன். வாடையைச் சொல்லவில்லை.

திமிங்கிலம் வராத நாள்களை ஈடுகட்டியது பறவைகள்தான், இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "ஆலா விழுகுது" என்றால், அந்தக் கடற்பறவைக்குக் கீழே சூரை மீன் இருக்கிறது என்றுதான் தண்டையல் எடுத்துக்கொள்வார், பல தரம் டொல்பின் கூட்டமும். எனக்கோ அது என்ன ஆலா என்ற கேள்வி. மிதக்கும் பலகையிலோ போத்தல் மூட்டையிலோ அசையாமல் உட்கார்ந்து போகிற ஒன்று இருக்கும். புருவத்து வெள்ளைக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டு, முதுகு கபில நிறமாக இருந்தால் பிரைடில்ட் ஆலா. கோடு கண்ணோடு நின்று முதுகு கரிக்கறுப்பாக இருந்தால் சூட்டி ஆலா. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனக்குப் பிடித்தது வில்சன் ஸ்டோர்ம் பெட்ரல். தகைவிலான் அளவுதான் இருக்கும், கறுப்பு, வாலடியில் வெள்ளைப் பட்டை. காலைத் தொங்கவிட்டுத் தண்ணீர்மேல் நடப்பது போலத் தத்தும். அந்தாட்டிக்கா பக்கத்துப் பாறைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர்காலம் வரும்போது இந்தப் பக்கம் வருகிற பறவை. ஆனி மாதம் ஒருநாள் முதன்முதலாகக் காட்டினபோது தண்டையல், "இதா? இது எப்பவும் நிக்கிறதுதானே" என்றார்.

குறைகளும் சொல்ல வேண்டும். நீர்புகாது என்று சொல்லித்தான் விற்றார்கள், நீர் புகவில்லை, உண்மை. ஆனால் உப்பு வேறு ஆள். முதல் பருவத்தில் துணியால் துடைத்தேன், உப்புப் பரல் கண்ணாடியைக் கீறிவிட்டது. இப்போது வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, உலர்ந்த பிறகுதான் துடைக்கிறேன். நாலாம் வருடம் மேல் ரப்பர் பிசுபிசுத்தது. மார்கழி மழையில் அலுமாரிக்குள் வைத்ததில் உள்கண்ணாடி ஓரத்தில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் பிடித்தது. வாங்கிய கடைக்குக் கொண்டுபோனால் உத்தரவாதம் பூஞ்சணத்துக்கு இல்லையாம். அதன் பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்கிறேன், பரவவில்லை.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஆவணியில், படகு என்ஜினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. அதற்குப் பிறகு படகுக் கூலி பழைய மாதிரி இல்லை. நாலு பேராகச் சேர்ந்து போனால்தான் கட்டுப்படியாகும். வெறுவயிற்றோடு போகாதீர்கள், இரண்டு பிஸ்கட்டும் இஞ்சிப் பிளேன்டீயும் போதும். முன்னிரவே வாந்திக் குளிசை போட்டுவிடுங்கள், படகில் ஏறிய பிறகு போட்டு ஒரு பலனும் இல்லை.

போன ஆவணியில் கடைசிப் பயணம். திமிங்கிலம் இல்லை, டொல்பின்கூட இல்லை. என்ஜினை நிறுத்தி ஒரு மணி நேரம் கிடந்தோம். தண்டையல் முதன்முறையாக, "இங்க தாங்கோ பாப்பம்" என்று பைனாகுலரை வாங்கினார். கரைப் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். கோயிலைப் பார்க்கிறார் என்றிருந்தேன். "மருமோன்ட வலை இன்னும் காயுது. இண்டைக்கும் கடலுக்குப் போகேல்ல" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.