விளையாட்டு மேலாண்மை: தனிப் பட்டமா, இரட்டைப் பட்டமா, முதுநிலையா?

விளையாட்டுத் துறையில் நிர்வாக வேலைக்குப் போக நினைப்பவர்களுக்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. ஒன்று, நேரடியாக விளையாட்டு மேலாண்மையில் இளநிலைப் பட்டம். இரண்டு, வணிகப் பட்டத்தையும் விளையாட்டு அறிவியல் பட்டத்தையும் சேர்த்தே படிக்கும் இரட்டைப் பட்டம். மூன்று, வணிகப் பட்டம் முடித்துவிட்டு விளையாட்டு மேலாண்மையில் முதுநிலை. நான் படித்தது இரண்டாவது. இப்போது ஒரு கிளப்பில் கொள்முதல், செலவுக் கணக்குப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். தராசு எந்தப் பக்கம் சாயப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

தனிப் பட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீக்கிரம் முடிகிறது. ஸ்பான்சர்ஷிப், டிக்கெட் விற்பனை, போட்டி ஏற்பாடு, ஒப்பந்தச் சட்டம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும். இதில் பெரிய லாபம் நேரம்தான். போட்டிகளில் தன்னார்வலராக நின்று ஆட்களைப் பழகிக்கொள்ளலாம். இந்தத் துறையில் முதல் வேலை பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. ஈவென்ட் பக்கம் போவது என்று முடிவாகிவிட்டால் இதுவே போதும்.

முதுநிலை வழிக்கு ஒரு பரம்பரைப் பெருமையே உண்டு. 1966-இல் அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகம் இந்தத் துறைக்கென்று தொடங்கிய முதல் படிப்பே முதுநிலைதான். பேஸ்பால் அணி நடத்திக்கொண்டிருந்த வால்டர் ஓ'மேலி, இப்படி ஆள் தயார் செய்ய ஓர் இடம் வேண்டும் என்று பேசியதிலிருந்து வந்த யோசனை அது. நான் அந்த வழியில் போனவன் இல்லை. கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் போனவர்கள். கணக்கில் என்னைவிடக் கெட்டி, தொடர்புகளும் அதிகம். பதினெட்டு வயதில் எடுக்கும் முடிவை இருபத்தொன்றுக்குத் தள்ளிப்போட முடிவதும் சின்ன விஷயம் இல்லை.

சரி, இரட்டைப் பட்டம். தனித்தனியாகப் படித்தால் ஆறு வருடம் ஆக வேண்டியதை நான்கு, நான்கரை, ஐந்து என்று சுருக்குகிறார்கள். இதில் மாயமில்லை. விருப்பப் பாடங்களுக்கு இருக்கும் இடத்தை இன்னொரு பட்டத்தின் கட்டாயப் பாடங்கள் தின்றுவிடுகின்றன. புகைப்படக்கலை, வேறொரு மொழி என்று ஆசைப்பட்டு எதையும் எடுக்க வழி இல்லை.

என் இரண்டாம் வருடத்து ஒரு நாள் அப்படியே நினைவிருக்கிறது. காலையில் லேபில் விங்கேட் சோதனை: சைக்கிளில் 30 விநாடி, உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி தயாராக இருக்கும். எதற்கு என்று முதல் நாள் புரியாது. மதியம் கணக்கியல் வகுப்பு. ஒரு கால்பந்து கிளப் 5 கோடி யூரோ கொடுத்து ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒரு வீரரை வாங்கினால், அந்தத் தொகை கணக்குப் புத்தகத்தில் வருடத்துக்கு 1 கோடியாகக் கழிகிறது. இரண்டு வருடம் கழித்து மதிப்பு 3 கோடி. அப்போது 2.5 கோடிக்கு விற்றால் 50 லட்சம் நஷ்டம். சில கிளப்புகள் எட்டு வருட ஒப்பந்தம் போட்டு வருடச் செலவைக் குறைத்துக் காட்டியதால், 2023-இல் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ தன் நிதி விதிகளில் இந்தப் பிரிப்பை ஐந்து வருடத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்று கட்டிவிட்டது. காலையில் தொடைத் தசை படும் பாட்டைப் பார்த்துவிட்டு, மதியம் அதே தசை புத்தகத்தில் ஏறும் விதத்தைப் பார்ப்பது தனி அனுபவம்.

ஆனால் என் முடிவை நியாயப்படுத்தியது இது எதுவும் இல்லை. எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற பாடம்தான். அறிவியல் பக்கம் அதைப் புத்தகத்தில் சொல்லித்தருவதில்லை, உடம்பில் சொல்லித்தருகிறது. ஒரே காலையில், ஒரே தளத்தில், என்னைப் பத்து முறை நின்ற இடத்திலிருந்து குதிக்கச் சொன்னார்கள். குறைந்தது 33.8 சென்டிமீட்டர், அதிகம் 37.1. நான் ஒன்றும் இடையில் பலசாலி ஆகிவிடவில்லை. அதே கால், அதே காபி. மூன்று சென்டிமீட்டர் சும்மாவே ஆடுகிறது.

சில வருடம் கழித்து, கிளப்புக்கு ஒரு பயிற்சிக் கருவி விற்க ஒருவர் வந்தார். திரையில் ஒரு வீரரின் குதிப்பு: ஆறு வாரத்துக்கு முன் 36 சென்டிமீட்டர், இப்போது 37.2. கோச் தலையாட்டினார். நிதிப் பொறுப்பாளர் விலையைப் பேசத் தொடங்கிவிட்டார். நான் கேட்டது மூன்றே கேள்வி. ஒவ்வொரு நாளும் எத்தனை முறை குதிக்கச் சொன்னீர்கள்? ஒரு முறை. அந்த ஆறு வாரமும் சீசனுக்கு முந்தைய பயிற்சிக் காலம்தானே? ஆமாம். மற்ற வீரர்களின் எண்கள்? அனுப்புகிறேன் என்றார். வரவில்லை. கருவி மோசம் என்று நான் சொல்லவில்லை, நல்லதாகவே இருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்துக் காசோலையில் கையெழுத்துப் போட முடியாது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசி ஒரு வாரப் பயிற்சிச் சுமையை நான்கு வாரச் சராசரியால் வகுத்து, 0.8 முதல் 1.3 வரை இருந்தால் காயம் படும் வாய்ப்பு குறைவு என்று சொல்லும் ஒரு கணக்கு, 2016 வாக்கில் கிளப்புக்குக் கிளப் பரவியது. அப்புறம்தான் ஓட்டையைக் காட்டினார்கள்: வகுத்தலில் மேலே உள்ள அந்த ஒரு வாரம், கீழே உள்ள நான்கு வாரத்துக்குள்ளும் இருக்கிறது. கண்டபடி எண்களை அடித்துப் போட்டாலும் இரண்டுக்கும் தொடர்பு இருப்பது போலவே காட்டும். வகுப்பில் ஸ்ப்ரெட்ஷீட்டில் நாங்களே போட்டுப் பார்த்துச் சிரித்தோம். அந்த ஒரு மணி நேரம் முதுநிலை வழியில் வந்த என் சகாக்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் பிசியோ பேச ஆரம்பித்ததும் மௌனமாகிவிடுகிறார்கள், அல்லது எல்லாவற்றுக்கும் சரி என்கிறார்கள்.

குறைகளும் உண்டு. லேப் நேரமும் இன்டர்ன்ஷிப் நேரமும் மோதும். எனக்கு ஒரு நல்ல கோடைகால வாய்ப்பு அப்படித்தான் போனது. அறிவியல் பட்டம் கையில் இருந்தாலும், பல இடங்களில் உடற்பயிற்சி நிபுணராகப் பதிவு செய்ய இத்தனை மணி நேரம் மேற்பார்வையில் செய்முறைப் பயிற்சி என்று கேட்பார்கள். இரட்டைப் பட்டத்தில் அது அடங்குமா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை, அதனால் அங்கே பட்டத்துக்கு என்ன மரியாதை என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

பாதியில் ஒரு பட்டத்தோடு மட்டும் வெளியேற விடுவார்களா என்பதையும் கேட்டுவையுங்கள். என்னோடு சேர்ந்தவர்களில் மூன்று பேர் வாளியைப் பார்த்ததும் அறிவியலை விட்டுவிட்டு வணிகப் பட்டத்தோடு கிளம்பினார்கள். அதில் ஒருவர்தான் இப்போது வருடா வருடம் எங்கள் கிளப் கணக்கைத் தணிக்கை செய்ய வருகிறார். சம்பளம் என்னைவிட அதிகம்.