பழைய காரைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

மெக்கானிக் சொல்லும் தொகையைக் கேட்டதும் "இதற்கு வேறு காரே வாங்கிவிடலாம்" என்று தோன்றும். அந்த எரிச்சலில் முடிவெடுக்காதீர்கள்.

பழுதுச் செலவைக் காரின் இன்றைய விற்பனை மதிப்போடு ஒப்பிடுவதே பலர் செய்யும் தவறு. அடுத்த 12 மாதங்களுக்கு இரண்டு வழிகளிலும் எவ்வளவு ஆகும் என்று எழுதிப் பாருங்கள். புதிய காருக்குத் தவணை, வட்டி, கூடுதல் காப்பீடு உண்டு. மதிப்பும் முதல் ஆண்டில்தான் மிக வேகமாகக் கரையும். பழைய கார் அந்தச் சரிவை எப்போதோ தாண்டிவிட்டது.

கிளட்ச், பிரேக், டைமிங் பெல்ட் எல்லாம் தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே உள்ள பாகங்கள். இவற்றுக்காகக் காரை விற்பது வீண். துரு அப்படியல்ல. அடிச்சட்டத்தை அது அரித்துவிட்டால் மோதலின்போது வண்டி தாங்காது. அங்கே பணத்தைக் கொட்டாதீர்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒருசேரப் பழுதானாலும் அப்படித்தான்.

பாதுகாப்பில் புதிய காரே மேல். பக்கவாட்டு ஏர்பேக்கையும், சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பையும் பழைய வண்டியில் பிற்பாடு சேர்ப்பது நடைமுறையில் இயலாது. குழந்தைகளோடு அடிக்கடி நெடுஞ்சாலையில் செல்பவரிடம், கணக்கு எப்படி வந்தாலும் மாற்றிவிடுங்கள் என்றே சொல்வேன். அதுவும் புத்தம் புதியதாக இருக்க வேண்டியதில்லை. 3 ஆண்டுகள் ஓடிய, பராமரிப்புப் பதிவேடு சரியாக உள்ள கார் போதும்.