கடைசி நாலு கிலோ: நேர விரதமா, ஜிம்மா, ‘சுகு சுகு செப்பாரோ’ தட்டா?

புத்தாண்டில் எடை குறைப்பதாகச் சபதம் எடுத்து, தைப்பூசத்துக்குள் மறந்துவிடுகிறவர்களுக்கான அலசல் இல்லை இது. சொன்னபடியே குறைத்து, பத்து கிலோவுக்கு மேல் இறக்கி, கடைசி மூன்று நாலு கிலோவில் வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கானது. சாப்பாடு அதேதான், நடை அதேதான், தராசு மட்டும் அசையாது. இந்தக் கட்டத்தில் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவற்றில் மூன்றை நான் கொஞ்ச காலம் கடைப்பிடித்துப் பார்த்தேன்: எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிடும் நேர விரதம், டவுனில் ஜிம், சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுகு சுகு செப்பாரோ’ (மலாயில் ‘கால், கால், பாதி’) தட்டு. இப்போது இருப்பது மூன்றாவதில். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தேட வேண்டாம்.

முதலில் தராசு ஏன் அசைய மறுக்கிறது என்று பார்த்துவிடலாம். எடை குறையக் குறைய உடம்பின் அன்றாடச் செலவும் குறைகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழு 2016-இல் வெளியிட்ட கணக்குப்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 20 முதல் 30 கலோரி வரை செலவு இறங்குகிறது. பசியோ கிலோவுக்கு 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது. பன்னிரண்டு கிலோ குறைத்தவருக்குச் செலவில் மட்டும் ஏறக்குறைய 300 கலோரி போய்விட்டது. ஆரம்பத்தில் நாளுக்கு 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டவர், அதே தட்டில் இன்று 200 கலோரிதான் குறைவாகச் சாப்பிடுகிறார். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. அப்படியென்றால் முன்பு அரை மாதத்தில் போன கிலோ, இப்போது போக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம், பிரியாணி, ஊறுகாய். உப்பும் மாவுச்சத்தும் சேர்ந்து தண்ணீரைப் பிடித்துவைக்கும். திங்கட்கிழமை தராசு ஒன்றரைக் கிலோ கூட்டிக் காட்டும். மெதுவாக இறங்குகிற எடை இந்த ஆட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ‘நின்னு போச்சு’ என்று நாம் சொல்வதில் பாதி, நிற்கவில்லை, மெதுவாகிவிட்டது, அவ்வளவுதான்.

சரி, ஜிம். இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நான் சேர்ந்த இடத்தில் மாதக் கட்டணம் நூறு வெள்ளிக்குள்தான், சாமான்களும் மோசமில்லை. ஆனால் ஒரு மணி நேரம் வியர்க்க விறுவிறுக்க நடந்தால் என்னைப் போன்ற உடம்புக்குச் செலவாவது 300 கலோரிக்குள். திரும்பும் வழியில் ஒரு ரொட்டி சானாய் உள்ளே போனால் கணக்கு தீர்ந்தது. தோட்டத்துப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு டவுனுக்குப் போய்வர மோட்டார் சைக்கிள் வேண்டும். சாயங்காலம் மழை பிடித்தால் அன்றைக்குப் போன மாதிரிதான். காசு கொடுக்காமல் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் நடக்கலாமே என்பார்கள். நடக்கலாம். ஆனால் நம் பக்கம் பொழுது விடியவே ஏழு மணிக்கு மேலாகும். வேலைக்கு முன் நடப்பவர் இருட்டில், தெருநாய்களுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும். எடை தூக்கும் பயிற்சி, குறையும்போது தசை கரையாமல் காக்கும் என்பது உண்மை. அதை நான் நீண்ட நாள் செய்ததில்லை. ஒழுங்காகச் செய்கிறவர் வேறு மாதிரி எழுதக்கூடும். அதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நேர விரதம் நம் ஆட்களுக்குப் பிடிப்பதில் ஆச்சரியமில்லை. வெள்ளிக்கிழமை விரதம், புரட்டாசி சைவம், காவடி எடுப்பவர்களின் விரதம் என்று பழகிய உடம்பு. பகல் 12 மணிக்கு முதல் சாப்பாடு, இரவு 8 மணிக்குள் கடைசி. தனிச் சமையல் இல்லை, அளவு பார்க்க வேண்டியதில்லை, காசும் மிச்சம். முதல் சில வாரம் எனக்கும் இறங்கியது. காலைப் பசியைப் பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு தே ஓ கொசோங் குடித்துத் தாண்டிவிடலாம்.

ஆனால் இதில் மாயம் ஏதும் இல்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓராண்டு கவனித்து 2022-இல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு கலோரிக் குறைப்பு. ஒரு பாதிக்கு மட்டும் எட்டு மணி நேரக் கட்டுப்பாடும் சேர்த்து. கடைசியில் இரண்டு பக்கமும் குறைந்த எடையில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. நேரத்தைக் குறுக்கினால் சாப்பாடு தானாகக் குறைகிறவர்களுக்கு இது உதவும். பன்னிரண்டு மணிக்குக் காய்ந்த வயிற்றோடு நாசி சம்பூர் கடைக்குப் போய் மூன்று கரண்டி சோறு போட்டுக்கொள்கிற ஆளுக்கு உதவாது. நான் எந்த ரகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மருந்து எடுப்பவர்கள், அதிலும் இன்சுலினோ கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். நம் வீடுகளில் இந்த மாத்திரை இல்லாத வீடு எத்தனை?

இனி தட்டு. ‘சுகு சுகு செப்பாரோ’ என்பதை அரசாங்க கிளினிக் சுவரில் படமாகப் பார்த்திருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு அல்லது மீ. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு. மீதிப் பாதி காய்கறியும் பழமும். கூடவே பச்சைத் தண்ணீர். நான் அதைப் பல வருஷம் பார்த்துவிட்டு, மருந்துக்கு நம்பர் கூப்பிடும் வரை போனை நோண்டிக்கொண்டிருந்தவன்தான். படத்தில் எல்லாம் சுலபமாக இருக்கும். நம் தட்டில் அது எப்படி உட்காருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நம் தட்டின் அளவு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். என் பாட்டி காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, ரப்பர் தோட்டத்தில் மரம் மரமாகப் போய் வெட்டி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தார்கள். அந்த வேலைக்கு அந்தச் சோறு வேண்டும். வேலை போய்விட்டது, பிள்ளைகள் தொழிற்சாலையிலும் கவுண்டரிலும் உட்கார்ந்திருக்கிறோம். சோற்றின் அளவு மட்டும் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் கூடவே குடிவந்துவிட்டது. ஒரு கோப்பைச் சோறு ஏறக்குறைய 200 கலோரி. இரண்டு கோப்பையை ஒன்றாக்கினால், மேலே சொன்ன கணக்கில் காணாமல்போன 300-இல் பெரும்பகுதி ஒரே வேளையில் திரும்பிவிடுகிறது. மிச்சத்துக்குத் தே தாரிக் இருக்கிறது. ஒரு குவளையில் இரண்டு மேசைக்கரண்டி டின் பால் ஊற்றினாலே 120 கலோரிக்கு மேல். நாளுக்கு இரண்டு குடித்தவர் கொசோங்குக்கு மாறினால் வேறு எதையும் தொடாமலே கடைசி நாலு கிலோ நகரத் தொடங்கும். முதல் வாரம் நாக்கு முரண்டு பிடிக்கும், அப்புறம் பழகிவிடும்.

கடைபிடிக்கும்போது சில இடத்தில் தடுக்கும். உருளைக்கிழங்குப் பிரட்டல் காய்கறி இல்லை. அது சோற்றின் கால் பங்கில் போய்ச் சேர வேண்டியது. அப்பளமும் அப்படியே. தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பைச் சோறு மூழ்க ஊற்றினால் அளவு பார்த்ததில் பயனில்லை. கரண்டியால் எடுத்துத் தொட்டுக்கொள்ளலாம். கடையில் ‘நாசி செப்பாரோ’ என்றால் பாதிச் சோறு போடுவார்கள், யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. காங்கோங் கீரை, சாவிக் கீரை, வெண்டைக்காய், பயத்தங்காய் என்று காய்ப் பக்கத்தை நிரப்புங்கள். எண்ணெயில் மிதப்பதை மட்டும் தாண்டிப் போங்கள். கெம்போங் மீன், முட்டை, தெம்பே எல்லாம் கைக்கு எட்டுகிற விலையில் கிடைப்பவை. இந்தக் கால் பங்கைக் குறைத்துவிடாதீர்கள். பத்து மணிக்குப் பசி எடுக்காமல் இருப்பது அதனால்தான்.

இப்போது நான் முடிவெடுத்த காரணத்துக்கு வருகிறேன். எந்த வழி சீக்கிரம் இறக்கும் என்பது இந்தக் கட்டத்தில் பெரிய கேள்வியே இல்லை. மூன்றுமே, ஒழுங்காகச் செய்தால், இறக்கும். இறங்கிய பிறகு எதை விடாமல் செய்துகொண்டிருக்க முடியும் என்பதுதான் கேள்வி. ஏனென்றால் உடம்பு மறப்பதில்லை. மெல்பர்னில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், எடை குறைத்தவர்களின் பசியைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்கள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோது, அவர்களுடைய உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் அளவு, இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி அளவு குறைவாகவே இருந்தது. பெரும்பாலோர் எடையும் நிறையத் திரும்பியிருந்தது. அது அசுர வேகத்தில் குறைத்தவர்கள் கதை, நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் திசை ஒன்றுதான். கடைசிக் கிலோவை இறக்க எதைச் செய்தீர்களோ, அதை அந்த எடையில் நிற்கவும் ஏறக்குறைய அதே அளவு செய்ய வேண்டும். ‘இறங்கட்டும், அப்புறம் பழையபடி சாப்பிடலாம்’ என்பதற்கு இடமில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தால் மூன்றின் நிறமும் மாறிவிடும். நேர விரதம், எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்காரும் ஒரே வேளையான இரவு எட்டரைச் சாப்பாட்டோடு மோதியது. கல்யாண விருந்து, கோயில் திருவிழா அன்னதானம், தீபாவளித் திறந்த இல்லம் எதுவும் என் எட்டு மணி நேரத்தைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஒரு நாள் உடைந்தால் மறுநாளும் உடைகிறது. ஜிம்மை மழை, ஓவர்டைம், முட்டிவலி மூன்றும் மாறி மாறி நிறுத்திவைக்கும். தட்டு எங்கே போனாலும் இருக்கிறது. வாழையிலையிலும் கால், கால், பாதி பார்க்கலாம். திறந்த இல்லத்தில் இரண்டு முறுக்கு, ஒரு நெய் உருண்டை தின்றாலும் அடுத்த வேளை தட்டு பழையபடி வந்துவிடும். ‘உடைந்துவிட்டது’ என்ற எண்ணமே எழுவதில்லை. மனைவி எனக்குத் தனியாகச் சமைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளும் அதே சட்டியில்தான் சாப்பிடுகிறார்கள்.

உறவுக்காரர்கள் மட்டும் விடமாட்டார்கள். “என்ன தம்பி, இப்படி வத்திப்போயிட்டே? இனிப்பு நீர் வந்துருச்சா?” என்று மண்டபத்து நடுவில் கேட்ட அத்தை, பதில் வருமுன் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டார். அதற்கு எந்த வழியிலும் மருந்தில்லை.

தட்டோடு தராசையும் சேர்க்கச் சொல்வேன். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், 13.6 கிலோவுக்குக் குறையாமல் இறக்கி ஓராண்டாவது காத்தவர்களைச் சேர்க்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் நாளுக்குச் சராசரி ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள். ஆக, நடையை நான் தள்ளிவிடவில்லை. இறக்கும் வேலையைத் தட்டிடம் கொடுத்து, காக்கும் வேலையில் நடையைத் துணைக்கு வைத்திருக்கிறேன்.

எனக்குத் தெரியாத பக்கங்களும் உண்டு. நைட் ஷிப்டு மாறி மாறிப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தட்டு எப்படி அமையும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. மாதவிடாய் நின்ற பெண்களின் உடம்பு வேறு கணக்கில் ஓடும். அதில் நான் கருத்துச் சொல்வது சரியில்லை. இப்போது பேசப்படும், எடை குறைக்கும் வாராந்தர ஊசியை நான் போட்டதில்லை. அது பொதுவாக உடல் நிறை எண் (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் BMI) 30-க்கு மேல், அல்லது எடை சார்ந்த நோயோடு 27-க்கு மேல் இருப்பவர்களுக்கு. நாலு கிலோ பாக்கி இருப்பவருக்கான மருந்து இல்லை.

இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளலாம்: அந்த நாலு கிலோ போயே ஆக வேண்டுமா? நம் ஆசிய உடம்புக்கு உடல் நிறை எண் 23-க்குக் கீழ் நல்லது என்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. டேப் அந்த அளவுக்குள் வந்துவிட்டது, ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது என்றால், மனதில் போட்டுவைத்த இலக்கு எண்ணுக்காக உடம்பை வாட்ட வேண்டியதில்லை. என் டேப் இப்போதுதான் 90-க்குள் வந்திருக்கிறது. நாலில் இரண்டரை போய்விட்டது. மீதி ஒன்றரையைத் தீபாவளி முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். அதுவரை ஏறாமல் இருந்தால் எனக்குப் போதும்.