பிஎஸ்எல்இ கணிதம்: டியூஷனா, அசெஸ்மென்ட் புத்தகமா, அப்பாவா?

பிஎஸ்எல்இ என்பது தொடக்கநிலை 6-இன் முடிவில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. தொடக்கநிலை 5 முடிந்து டிசம்பர் விடுமுறை வந்துவிட்டால் சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது: கணக்குக்கு டியூஷன் போடுவதா, வேண்டாமா? பக்கத்து புளோக் பையன் பி4-லேயே (தொடக்கநிலை 4) சேர்ந்துவிட்டானாம். இன்னொரு வீட்டில் அப்பாவே உட்கார்ந்து சொல்லித் தருகிறாராம். 2023-ஆம் ஆண்டுக் குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்கு ஓராண்டில் செலவழித்த தொகை சுமார் 1.8 பில்லியன் வெள்ளி. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் ‘எது நல்லது’ என்று விசாரித்தால் ஆளுக்கொரு மையத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். நான் வேறு ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்: இந்த ஏற்பாட்டில் பிள்ளை தவறாகப் போட்ட கணக்கை, போட்ட விதத்தோடு சேர்த்து, யார் பார்க்கிறார்கள்?

முதலில் தேர்வு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். மொத்தம் 100 மதிப்பெண், இரண்டு தாள்கள். முதல் தாளில் கால்குலேட்டர் கூடாது, இரண்டாம் தாளில் உண்டு. முன்பு 45-55 என்று பிரிந்திருந்த மதிப்பெண்கள் 2026 முதல் 50-50. அதாவது, கையால் பெருக்கி வகுத்துப் பின்னத்தைச் சுருக்கத் தெரிந்த பிள்ளைக்கு எடை கொஞ்சம் கூடியிருக்கிறது. ஊரே பயப்படுவது இரண்டாம் தாளின் கடைசிப் பக்கங்களுக்கு. ஆனால் நடுத்தர நிலையில் இருக்கும் பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் இடம் பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது.

செலவு குறைந்த வழி அசெஸ்மென்ட் புத்தகம், அதாவது பயிற்சிக் கணக்குகளின் தொகுப்பு. பாப்புலர் புத்தகக் கடையில் சுவர் முழுக்க அடுக்கியிருப்பார்கள். பின்பக்கம் விடையும் இருக்கும், சிலவற்றில் முழுச் செய்முறையும் இருக்கும். அதில் வரக்கூடிய மாதிரி ஒரு கணக்கு: கடைக்காரர் தன்னிடமிருந்த மாம்பழங்களில் 2/5 பங்கைக் காலையில் விற்றார், மீதியில் 1/3 பங்கை மாலையில் விற்றார், 48 பழம் மிச்சம். முதலில் எத்தனை இருந்தன? ஐந்து கட்டம் வரைந்து இரண்டை அடித்தால் மூன்று மீதி. அதில் மூன்றில் ஒன்று என்றால் ஒரு கட்டம். மிச்சம் இரண்டு கட்டம் 48, ஆகவே ஒரு கட்டம் 24, மொத்தம் 120. ‘மீதியில்’ என்ற சொல்லைத் தாண்டிப் போன பிள்ளை என்ன செய்யும்? 2/5-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 11/15 என்று எழுதும். மிச்சம் 4/15, அது 48, ஆகவே மொத்தம் 180. தசமமில்லாமல் முழு எண்ணாக வந்து நிற்பதால் அதற்குச் சந்தேகமே வராது. புத்தகத்தின் பின்னால் 120 என்று இருக்கும். சிவப்புப் பேனாவால் ஒரு தப்பு, பக்கத்தில் செய்முறையைப் பார்த்து எழுதிய ஒரு திருத்தம், அதோடு அடுத்த பக்கம். 180 எங்கிருந்து வந்தது என்று கேட்க அந்தப் புத்தகத்துக்கு வாய் இல்லை. அடுத்த வாரம் மாம்பழம் முட்டையாக மாறி வரும்போது அதே தவறு திரும்பவும் வரும். வாரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து ‘இதை ஏன் கூட்டினாய்?’ என்று கேட்க வீட்டில் ஒருவர் இருந்தால் இந்தப் புத்தகங்களே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். கேட்க ஆளில்லை என்றால் ஐந்து புத்தகம் முடித்தாலும் ஒன்றுதான்.

அடுத்தது பழைய வினாத்தாள். உண்மையான பிஎஸ்எல்இ கேள்விகளின் தொகுப்பு கடையில் கிடைக்கிறது. பெயர் பெற்ற பள்ளிகள் தாங்களே நடத்தும் முன்னோட்டத் தேர்வின் தாள்கள், அதாவது பிரிலிம் தாள்கள், வாட்ஸ்அப்பிலும் நகல் கட்டுகளாகவும் சுற்றுகின்றன. இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. பிரிலிம் தாள்களில் பல, அசல் தேர்வைவிடக் கடினமானவை. ஜனவரியிலேயே அதைக் கொடுத்து 52 வாங்கவைத்து, பிள்ளையையும் அழவைத்து, நாமும் தூக்கம் கெடுவதில் லாபம் எதுவும் இல்லை. இன்னொன்றும் உண்டு. 2021-இல் பி1-இல் தொடங்கிய புதிய பாடத்திட்டம் 2026-இல் பி6-ஐ எட்டுகிறது. அதில் வேகம் என்ற பாடமே இல்லை, உயர்நிலைக்குப் போய்விட்டது. பழைய கட்டில் வரும் கார், சைக்கிள், எதிரெதிரே புறப்பட்ட இரண்டு பேர் எல்லோரையும் தாராளமாகக் கிழித்துப் போடலாம். பழைய தாளின் உண்மையான பயன் நேரக் கட்டுப்பாட்டுப் பழக்கம்தான். அதற்கு ஜூலைக்கு மேல் சில தாள்கள் போதும்.

இனி டியூஷன் மையம். இவர்கள் விற்பது ‘ஹியூரிஸ்டிக்ஸ்’, அதாவது கணக்கைத் தீர்க்கும் உத்திகள். கான்ஸ்டன்ட் டிஃபரன்ஸ், பிஃபோர்-ஆஃப்டர், சப்போசிஷன் என்று ஒவ்வொரு வகைக் கணக்குக்கும் ஒரு பெயர், ஒரு நிறம், ஒரு பக்கக் குறிப்பு. கேலியாகச் சொல்லவில்லை, வகைப்படுத்தல் உதவத்தான் செய்கிறது, குறிப்பாக எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு. சிக்கல், வகைக்குள் அடங்காத கேள்வி வரும்போதுதான்.

2021 தேர்வில் பெற்றோரைக் கொதிக்கவைத்த ஹெலன்-ஐவன் நாணயக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இருவரிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள். ஹெலனிடம் சில 50 காசும் 64 இருபது காசும், ஐவனிடம் சில 50 காசும் 104 இருபது காசும். ஹெலனின் நாணயங்களின் எடை 1.134 கிலோ. யாரிடம் பணம் அதிகம், எவ்வளவு அதிகம்? ஒரு 50 காசு 20 காசைவிட 2.7 கிராம் கூடுதல் என்றால் ஐவனின் நாணயங்களின் எடை என்ன? மொத்த எண்ணிக்கை சமம் என்பதால், ஐவனிடம் 20 காசு 40 அதிகமென்றால் ஹெலனிடம் 50 காசு 40 அதிகம். ஒன்றுக்கு 30 காசு வித்தியாசம், ஆக ஹெலனிடம் 12 வெள்ளி அதிகம். எடையில் 40 தடவை 2.7, அதாவது 108 கிராம் குறைத்தால் ஐவனுக்கு 1.026 கிலோ. அவ்வளவுதான் கணக்கு. எந்த நிறக் குறிப்பிலும் இது எந்தப் பெட்டிக்குள் விழுகிறது என்று தேடிய பிள்ளைக்கு நேரம் போயிருக்கும். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ‘என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை’ என்று பார்த்த பிள்ளைக்கு மூன்று வரி.

ஆகவே மையத்தில் சேர்க்கும் முன், கடந்த ஆண்டு எத்தனை பேர் ஏஎல்1 (மதிப்பெண் படிகளில் உச்சம்) என்று விசாரிப்பதைவிட, வீட்டுப்பாடத்தைத் திருத்துவது யார் என்று விசாரியுங்கள். ஆசிரியரே செய்முறையைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறாரா, பலகையில் விடையை எழுதி ‘எல்லாரும் சரிபாருங்க’ என்கிறாரா? இரண்டாவது என்றால், அசெஸ்மென்ட் புத்தகத்தையே குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து போடக் காசு கட்டுகிறீர்கள்.

வீட்டுக்கு வரும் தனி ஆசிரியர் என் அளவுகோலில் தானாகவே முன்னால் நிற்பார், கட்டணத்திலும் முன்னால்தான். ஆனால் பிள்ளை திணறிய மறு நொடியே பென்சிலை வாங்கித் தானே போட்டுக்காட்டும் ஆசிரியரும் உண்டு. முதல் இரண்டு வகுப்புகளில் பேனா யார் கையில் இருக்கிறது என்று கவனித்தாலே தெரிந்துவிடும். வருமானம் குறைந்த குடும்பங்கள் 1991-இல் தொடங்கிய சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) துணைப்பாட வகுப்புகளைத் தயங்காமல் பார்க்கலாம். கட்டணம் சந்தை விலையில் சிறு பகுதிதான். ‘அது வீக்கான பிள்ளைகளுக்கு’ என்று ஒதுக்குவது நம்மவர்களின் வீண் கௌரவம், வேறொன்றுமில்லை.

கடைசியாக, செலவே இல்லாத அப்பா. தமிழ்நாட்டில் பொறியியல் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்த அப்பா என்றால் வீட்டில் ஒரு தகராறு நிச்சயம். “எக்ஸ்னு வச்சுக்கோ, ரெண்டு வரில முடிஞ்சுடும்” என்பார். “டீச்சர் மாடல் வரையச் சொன்னாங்கப்பா” என்று பிள்ளை முனகும். மாடல் என்பது 1980-களில் இங்கே கல்வி அமைச்சின் பாடத்திட்டக் குழு உருவாக்கிய முறை. சமன்பாடு எழுதும் வயது வருமுன்பே, தெரியாத எண்ணைக் கட்டமாக வரைந்து கண்ணால் பார்க்கவைப்பது அதன் வேலை. மாம்பழக் கணக்கில் எக்ஸும் கட்டமும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. எக்ஸ் போட்டுச் சரியாக எழுதினால் தேர்வில் மதிப்பெண் கொடுக்க மாட்டார்கள் என்பதும் கட்டுக்கதை. ஆனால் ஹெலன்-ஐவனில் அப்பா சிக்கிக்கொள்வார்: ஹெலனின் 50 காசு எத்தனை, ஐவனின் 50 காசு எத்தனை, ஒரு 20 காசின் எடை என்ன என்று தெரியாதவை மூன்று, சமன்பாடு இரண்டே இரண்டு. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கினால் விடியாது. இங்கே எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஒப்பிட்டாலே போதும் என்பது மாடல் வரைந்து பழகிய கண்ணுக்குச் சீக்கிரம் தெரியும். அப்பா ஒரு மாதம் மாடல் வரையக் கற்றுக்கொண்டார் என்றால், மேலே சொன்ன எல்லா வழிகளையும்விட அவரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். பொறுமை இருக்கும் அப்பா என்றால் மட்டும். குரல் உயர்கிற வீட்டில் டியூஷன் செலவு நியாயமான செலவு.

எந்தப் பிள்ளைக்கு எது என்பதை முடிவு செய்ய 2021-இல் வந்த ஏஎல் முறையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 90-உம் அதற்கு மேலும் ஏஎல்1, 85 முதல் 89 வரை ஏஎல்2, 80-84 ஏஎல்3, 75-79 ஏஎல்4. அதற்குக் கீழே படிகள் அகலமாகின்றன: 65-74 ஏஎல்5, 45-64 ஏஎல்6. 62 வாங்கும் பிள்ளை மூன்று மதிப்பெண் கூடினால் ஒரு படி ஏறிவிடும். அதற்கு ஹியூரிஸ்டிக்ஸ் மையம் தேவையில்லை. பின்னமும் விகிதமும் முதல் தாளும் கைக்கு வந்தால் போதும், வீட்டிலேயே முடிகிற வேலை. 48 வாங்குகிற பிள்ளைக்குப் படி ஏற வெகுதூரம். தனியாக உட்கார்ந்து அடிப்படையிலிருந்து சொல்லித்தர ஆள் வேண்டும், சிண்டாவோ தனி ஆசிரியரோ. 80-களில் இருக்கும் பிள்ளைக்குத்தான் மையத்தின் கடினக் கேள்விகள் உண்மையில் பொருந்தும். 88-ஐ 90 ஆக்கப் பணம் கட்டும் முன் ஒன்று பாருங்கள். நான்கு பாடங்களின் ஏஎல்களைக் கூட்டித்தான் மொத்தம் வருகிறது (எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது), அந்த நான்கில் தமிழும் ஒன்று. தமிழில் 83-இல் நிற்கும் பிள்ளை 85-ஐத் தொட்டாலும் மொத்தத்தில் குறைவது அதே ஒரு புள்ளிதான்.