திருகோணமலையில் 20 அடி பனர்: ஒரே துண்டா, ஒட்டுத் துண்டா?

20 அடி நீளம், 10 அடி உயரத்தில் பனர் அடிக்க இரண்டு வழி இருக்கிறது. 3.2 மீற்றர் (சுமார் பத்தரை அடி) அகல சொல்வென்ட் (கரைப்பான் மை) மெஷினில் ஒரே துண்டாக எடுக்கலாம். இல்லையென்றால் 5, 6 அடி அகல ஈகோ சொல்வென்ட் (வீரியம் குறைந்த கரைப்பான் மை) மெஷினில் இரண்டு துண்டாக அடித்து நடுவில் ஒட்டலாம்.

அச்சின் அழகு என்று பார்த்தால் ஈகோ சொல்வென்ட்தான். முகத்தில் தோல் நிறம் மாறும் இடம்கூட வழுவழுப்பாக வரும். சொல்வென்ட் அச்சை ஒரு முழத்தில் பார்த்தால் கன்னமெல்லாம் புள்ளி. ஆனால் தெருப் பனரை யார் ஒரு முழத்தில் நின்று பார்க்கிறார்கள்? 30 அடி தள்ளி நின்றால் அந்தப் புள்ளி கண்ணில் படாது. மண்டபத்துக்குள் மேடைக்குப் பின்னால் கட்டுவதென்றால் ஈகோவுக்குப் போங்கள்.

வெளியே கட்டுவதற்கு ஒட்டு எனக்குப் பயம். ஒருமுறை ஆடித் திருவிழாவுக்கு ஒட்டிய பனரை உட்துறைமுகப் பக்கம் கட்டினோம். இரவு முழுக்கக் கச்சான், அதுதான் தென்மேற்குக் காற்று. காலையில் போனால் மேல் பாதி சட்டத்தில், கீழ்ப் பாதி ஒற்றைக் கயிற்றில் படபடக்கிறது. ஒட்டு அம்மன் முகத்தின் நடுவால் போயிருந்தது. அதைப் பார்க்க மனம் தாங்கவில்லை.

மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்று 200 சதுர அடி பனரில் நேரே மோதினால் 100 கிலோவுக்கு மேல் தள்ளும். வேகம் இரட்டித்தால் தள்ளுவது நான்கு மடங்கு. ஒரு அங்குலப் பசைக் கோடு அதைத் தாங்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

ஒட்டியே ஆக வேண்டுமா? பசை வேண்டாம், சூடாக்கி ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு துண்டையும் ஒரே ரோலில், ஒரே நாளில் அடிக்க வேண்டும். இரண்டாவதைத் தலைகீழாக அடித்தால் மெஷினின் ஒரே பக்க விளிம்புகள் ஒட்டில் சந்திக்கும், நிற வித்தியாசம் குறையும்.

மூன்றாவதாக மெஷ் இருக்கிறது, சல்லடைபோல ஓட்டை உள்ள பிளெக்ஸ். நிறம் சற்று வெளிறும், சின்ன எழுத்து உடையும். ஆனாலும் கச்சானுக்கு உட்துறைமுகம், வாடைக் காற்றுக்கு டச்பே கடற்கரை என்று திறந்த வெளியில் கட்டுவதென்றால் என் தெரிவு மெஷ்தான், அதுவும் ஒரே துண்டாக. காற்றுப் போகட்டும் என்று பிளெக்ஸில் அரை வட்டமாக வெட்டுவார்களே, அப்படி வெட்ட விடாதீர்கள். கிழிசல் அங்கேதான் தொடங்கும்.

ஃபைலை முழு அளவில் 72 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 72 புள்ளி) செய்தால் போதும்: 17,280க்கு 8,640 பிக்சல். பிடிஎஃப் என்றால் கால் அளவில், 60க்கு 30 அங்குலமாக, 288 டிபிஐயில் கொடுங்கள். வழக்கமான பிடிஎஃப் பக்கம் 200 அங்குலத்தைத் தாண்டாது, நம் பனரோ 240. வாட்ஸ்அப்பில் வந்த கோபுரப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் எந்த மெஷினாலும் காப்பாற்ற முடியாது.

அப்புறம், அச்சு முடிந்த கையோடு சுருட்டி வாங்காதீர்கள். ஓர் இரவு காயட்டும். சுருட்டும்போது அச்சுப் பக்கம் வெளியே இருக்கட்டும். மடித்தால் அந்தக் கோட்டில் வெள்ளைக் கீறல் விழும், பிறகு போகாது.